குதிரைக்குப் போகிறவன்

தியாகராய நகரில் எங்கள் ஜவுளிக்கடையில் அந்தக் காலத்தில் எல்லாரும் மெத்தையில்தான் உட்காருவோம். வெள்ளை உறை போட்ட நீள மெத்தை. ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் சேலை எடுக்க வந்தவர்கள். தெற்கேயிருந்து அப்பாவோடு பட்டணம் வந்த சிறுவயதிலிருந்து நான் அந்த மெத்தையில் சம்மணம் போட்டவன். “அந்த மேல்தட்டுல அரக்குக் கலர் இருக்கே” என்று ஓர் அம்மாள் விரலை நீட்டினால் எழுந்து எடுத்து வந்து உட்கார வேண்டும். “இது இல்ல, அதுக்குப் பக்கத்துல இருந்தது” என்றால் மறுபடி எழ வேண்டும். முகூர்த்த மாதங்களில் இப்படி எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தேன் என்று நான் எண்ணியதில்லை. நாற்பது வயதைத் தாண்டியதும் வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது.

முதலில் மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலித்தது. பிறகு உட்கார்ந்து எழும்போது. பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலித்தது. காலையில் எழுந்து நின்றால் முழங்காலுக்குள் மணலைக் கொட்டி வைத்தது மாதிரி நறநறவென்று இருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா போன பிறகு கடையும் வீடும் அண்ணாச்சி கையில். அண்ணாச்சி என்பது என் கூடப்பிறந்த அண்ணன். என்னைவிட மூத்தவர், கனத்த உடம்பு, ஆனாலும் மெத்தையிலிருந்து கையை ஊன்றாமல் எழுவார். அவர் முன்னால் தூணைப் பிடித்துக்கொண்டு எழ எனக்குக் கூச்சம். அவர் வேறு பக்கம் திரும்பும் வரை சேலை மடிக்கிற பாவனையில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு தை மாதத்தில் அது கடை நடுவில் வெளிப்பட்டது. மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்க வந்திருந்தது. மெத்தை முழுக்கப் பட்டு. கடைசியாக ஒரு சேலையை எடுக்க எழுந்தேன். பாதி எழுந்த நிலையில் முழங்கால் பூட்டிக்கொண்டது. பிடிமானத்துக்குச் சேலைக் குவியலில் கையை வைத்தேன். பட்டு வழுக்கியது. குவியலோடு நானும் சரிந்து கல்யாணப் பெண்ணின் மடியருகே போய் விழுந்தேன். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா பதறிப்போய், “அடடா, யாராவது அந்தப் பெரியவரைத் தூக்கி விடுங்கோ” என்றார்.

அந்த அம்மாளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும்.

அண்ணாச்சி அடுத்த நாளே மயிலாப்பூரில் ஓர் எலும்பு வைத்தியரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் என் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “தேய்மானம். இது போகாது. கூட வச்சுக்கிட்டே காலம் தள்ள வேண்டியதுதான்” என்றார். மெத்தையில் உட்காரக் கூடாது, எடை கூடக் கூடாது, காலையில் கடற்கரையில் மெதுவாக நடக்கலாம் என்றார். கடையில் எனக்கு ஒரு நாற்காலி வந்தது. மெத்தை வரிசைக்குப் பின்னால், சுவரோரம். அதில் உட்கார்ந்து எல்லாருடைய உச்சந்தலையையும் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்டனை கொடுத்து உட்கார வைத்த மாதிரி இருக்கும்.

நடப்பதற்கு அடையாற்றுக்குத் தெற்கே இருந்த கடற்கரையைத் தேர்ந்தெடுத்தேன். மெரினாவுக்குப் போனால் தெரிந்தவர்கள் எதிர்ப்படுவார்கள். நான் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து நின்று விசாரிப்பார்கள். அடையாற்றுப் பக்கம் அப்போது வீடுகள் குறைவு. சவுக்குத் தோப்பும் மணலும் மீன்பிடிக் குப்பமும்தான். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் விடிகிற நேரத்து பஸ்ஸில் போய் இறங்குவேன். கொஞ்ச தூரம் நடப்பேன். வலி வந்ததும் ஏதாவது ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்துவிடுவேன். என்னைவிட மூத்தவர்கள்கூடக் கையை வீசிக்கொண்டு கடந்து போவார்கள்.

அங்கேதான் அந்தப் பட்டாளத்துக்காரரைப் பார்த்தேன். குதிரைப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். சவுக்குத் தோப்புக்குள் கீற்றுக் கொட்டகை போட்டு மூன்று குதிரைகள் வைத்திருந்தார். கோடம்பாக்கத்தில் ராஜா ராணிப் படம் எடுக்கிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் காலையில் கடலோரம் ஓட்டிக்கொண்டு வருவார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். நான் போகும்போதெல்லாம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் குதிரையை என் முன்னால் நிறுத்தினார்.

“இன்னா சார், நடக்க வர்றீங்களா, ஒக்கார வர்றீங்களா?”

“முட்டி வலி” என்றேன்.

“நடக்கத்தானே முட்டி ஓணும்? இதும்மேல ஏறுங்க. இது நடக்கும்.”

சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் அன்று முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை போனபோது அவர் கூப்பிடுவாரா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. அவருக்கு அந்தப் பேச்சே மறந்து போயிருந்தது. கடைசியில் நானே கொட்டகை வரை போய், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வாசலில் நின்று, “அன்னிக்குச் சொன்னீங்களே…” என்று இழுத்தேன்.

அது பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. வயதானது. எத்தனையோ ராஜாக்களைச் சுமந்திருந்தது. என்னால் தரையிலிருந்து ஏற முடியவில்லை. கால் வைக்கிற இரும்பு வளையத்தை அங்கவடி என்பார்கள். அதில் இடது காலை வைத்து எம்பினால் உடம்பு எழவில்லை. பட்டாளத்துக்காரர் பின்னாலிருந்து தோள் கொடுத்தார். வேட்டி அங்கவடியில் மாட்டி அவிழ்ந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வேட்டி வேலைக்காவாது சார்” என்றார். பிறகு குதிரையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, தொட்டியின் சிமெண்டு விளிம்பில் என்னை ஏற்றி, அங்கிருந்து குதிரைமேல் நகர்த்தினார். அவிழ்ந்த வேட்டியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, கீழே அரை டிராயரோடு, நான் முதல் தடவை குதிரைமேல் உட்கார்ந்தேன்.

அவர் லகானைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். தோப்பைத் தாண்டிக் கடல் தெரிந்தது. குதிரையின் மேலிருந்து பார்த்தால் கடல் அதிக தூரம் தெரிகிறது. என் கால் தரையில் படவில்லை. ஆனாலும் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். நொண்டவில்லை. காலை நடையாளர்களில் எப்போதும் என்னைத் தாண்டிப் போகிற ஒருவரை அன்று நான் தாண்டிப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டேன்.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தொடையை இறுக்கி உட்கார்ந்தால் முழங்காலின் உள்பக்கம் சுரீர் என்று குத்தும். மடக்கியே வைத்திருப்பதால் இறங்கும்போது கால் விறைத்துப்போயிருக்கும். அங்கவடி வாரைத் தளர்த்திக் கால் நீளமாகத் தொங்குகிற மாதிரி வைத்தபின் கொஞ்சம் பரவாயில்லை. என் மனைவியின் கிழிந்த சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து முழங்காலில் சுற்றிக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். நடந்தாலும் வலிக்கிறது, உட்கார்ந்தாலும் வலிக்கிறது, குதிரைமேல் உட்கார்ந்து வலித்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

பேண்ட் தைக்க வேண்டியிருந்தது. அதுவரை நான் பேண்ட் போட்டவனில்லை. ஜவுளிக்கடைக்காரன், எங்கள் தெருவிலேயே தெரிந்த தையல்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். சைதாப்பேட்டையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், என் அளவைக் கொடுத்துவிட்டு, “என் மச்சினனுக்கு, என் அளவுதான்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாங்கப் போனபோது பார்த்தால், முழங்கால் வரை இறுக்கிப் பிடித்து, கீழே பாவாடை மாதிரி விரிந்திருந்தது. “இப்பல்லாம் பெல்பாட்டம்தான் சார். உங்க மச்சான் சந்தோசப்படுவாரு” என்றார். மறுத்துப் பேசினால் யாருக்கு என்று கேட்பாரோ என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பட்டாளத்துக்காரர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். கீழ்ப்பக்கம் படபடத்துக் குதிரை மிரளும் என்று இரண்டு காலையும் கயிற்றால் கட்டிவிடுவார். கொட்டகையில் மாற்றிக்கொண்டு, திரும்பும்போது அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு வேட்டியில் வருவேன்.

மாதங்கள் போகப் போக அவர் லகானை என்னிடம் விட்டார். மெதுநடையிலிருந்து துள்ளுநடைக்கு வந்தேன். குப்பத்து ஜனங்களுக்கு நான் ஒரு வேடிக்கை. மீன்கூடைப் பெண்கள், “இன்னாய்யா, ராஜா வேசமா?” என்பார்கள். அந்தக் குதிரை படப்பிடிப்பில் பழகியது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருநாள் வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு ஆள் கையைத் தட்டி, “கட்! கட்!” என்று கத்தினான். குதிரை அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது காது மடல் சுட்டது. ரெண்டு பெண்ணைப் பெற்ற ஒரு கடைக்காரன் பாவாடை மாதிரிப் பேண்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு குதிரைக் கழுத்தில் தொங்குகிறான். இதைத் தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன ஆகும்?

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நடக்கப் போகிறேன் என்றுதான் அவர்கள் எண்ணம். முட்டி அதற்குமுன் இருந்ததைவிட அதிகமாக வீங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் என் மனைவி தைலம் காய்ச்சி எடுத்துவந்து காலை மடியில் வைத்துக்கொண்டு தேய்ப்பாள். “நடந்தா கொறையும்னு வைத்தியர் சொன்னாரு. கூடிக்கிட்டேல்லா வருது” என்பாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வடபழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை தோறும் வீட்டிலிருந்து வடபழனி வரை செருப்பில்லாமல் நடந்து போய்க் கும்பிட்டு வருவதாக வேண்டுதல். நான் விடியலில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவளும் கிளம்பிவிடுவாள். செவ்வாய்க்கிழமை குதிரை வேண்டாம் என்று பட்டாளத்துக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். செவ்வாய் விடிந்தால் கால் தானாக பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கும்.

குட்டு வெளிப்பட்டது பட்டாளத்துக்காரரால். அவர்மேல் தப்பில்லை. தன் மருமகளுக்கு வளைகாப்புச் சேலை எடுக்க எங்கள் கடைக்கே வந்துவிட்டார். சாயந்திர நேரம். கடை நிறையக் கூட்டம். என்னைப் பார்த்ததும் வாசலிலிருந்தே, “மொதலாளி! நேத்து ஓடினதப் பாத்தீங்களா? இன்னா ஓட்டம்! இந்த மாசம் பூரா குதிரை நம்ம கையில, கவலையே படாதீங்க!” என்றார். நான் எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துச் சேலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். அதுவே சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. கணக்குப்பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பட்டணத்தில் குதிரை என்றால் ஒரே அர்த்தம்தான். கிண்டி. எங்கள் சித்தப்பா ஒருவர் ரேசில் கடையையும் வீட்டையும் விட்டு, கடைசியில் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் எங்கோ போய்ச் செத்தவர். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு மரக்குதிரைகூட வாங்கித் தந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் அண்ணாச்சி என்னை மாடிக் கிடங்குக்கு வரச் சொன்னார். சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“நீ குதிரைக்குப் போறியாமே. எப்ப இருந்துல?”

எல்லாம் தெரிந்துவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டேன். “போன ஆடிக்கு அப்புறம் அண்ணாச்சி.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நடக்கப் போறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா.”

“எவ்வளவு விட்ட?”

வாடகையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “பெருசா ஒண்ணுமில்ல. என் கைச்செலவுலதான்.”

“எல்லாவனும் மொதல்ல அப்படித்தாம்ல சொல்லுவான். விட்டுர முடியுமா ஒன்னால?”

“முடியல அண்ணாச்சி. இன்னியோட போதும்னு ஒவ்வொரு தடவையும் நெனைக்கேன். கண்ண மூடினா அதுதான் வருது.”

அண்ணாச்சி அழுதுவிட்டார். அப்பா போனபோதுகூடக் கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அழாமல் நின்றவர். “சித்தப்பாவப் பாத்துமா ஒனக்குப் புத்தி வரல? ரெண்டு பொம்பளப் பிள்ளையள வச்சுக்கிட்டு ரேசுக்குப் போறியே” என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. “அய்யோ, ரேசு இல்ல அண்ணாச்சி. நான் குதிரை ஏறப் போறேன்.”

“எதுக்கு?”

“ஏறி உக்காந்து ஓட்ட.”

துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்சமும் நம்பவில்லை. ரேசுக்குப் போகிறேன் என்பதை நம்பியவர், இதை நம்பவில்லை. “யார் காதுல பூச்சுத்துத? மெத்தையில இருந்து எந்திரிக்க முடியாதவன் குதிரையில ஏறுதானாம். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசப்பட்ட கதையால்லா இருக்கு!”

சொல்லி முடித்ததும் அவர் முகம் சுருங்கியது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் அவருக்கு முன்னால், தூணைப் பிடிக்காமல், கட்டுகளில் கை ஊன்றாமல், மாடிப்படி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் உயிர் போயிற்று.

அன்று ராத்திரி தைலக் கிண்ணத்தோடு வந்த மனைவியிடம் நானே சொன்னேன். வேறு வாய் வழியாக அவள் கேட்கக் கூடாது என்று தோன்றியது. அவள் கை முழங்காலில் இருந்தது. சொல்லச் சொல்லக் கை அசைவது நின்றது. பிறகு சேலைத் தலைப்பில் விரல் விரலாக எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் அங்க செருப்பில்லாம நடந்துக்கிட்டு இருக்கையில, நீங்க குதிரை மேல போய்க்கிட்டு இருந்தீங்களா?”

“ஆமா.”

“வலிக்கலியா?”

“வலிக்கத்தான் செஞ்சுது.”

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போனவள் பிள்ளைகளுக்குத் தோசை வார்த்தாள். என்னையும் வந்து கூப்பிட்டாள். வழக்கம்போல எல்லாம் நடந்தது. நான்தான் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

அண்ணாச்சி சும்மா விடுகிறவரில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் டாக்ஸி வைத்து என்னையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முன் ஸீட்டில் சலவை வேட்டியும் திருநீறுமாக அவர். பின்னால் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

கொட்டகைக்குள் போய்ப் பேண்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என் மனைவி ஒரு முறை பார்த்துவிட்டு சட்டென்று மணலைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை. பட்டாளத்துக்காரர் பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்று கயிற்றுக்குப் பதில் சிவப்பு நாடாவால் கால்களைக் கட்டிவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, குதிரைமேல் உட்கார்ந்தேன். “ஏறிட்டானே” என்று அண்ணாச்சி யாருக்கென்று இல்லாமல் சொன்னார்.

அன்று நான் நன்றாக ஓட்டினேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓட்டியதில்லை. ஈர மணலில் துள்ளுநடையில் கொஞ்ச தூரம் போய், குப்பத்தருகே திரும்பியதும் குதிரை தானாகப் பாய்ச்சலுக்கு மாறியது. வழக்கமாகப் பயந்து லகானை இழுத்துவிடுவேன். அன்று இழுக்கவில்லை. அலை ஒரு பக்கம் ஓடியது, சவுக்குத் தோப்பு ஒரு பக்கம் ஓடியது. முழங்கால் இருக்கிற நினைப்பே இல்லை. தூரத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என்னைச் சந்தேகப்பட்டு அழுதவர், ஒருத்தி எனக்காகத் தார் ரோட்டில் பாதம் தேய நடந்தவள். அவர்களை நோக்கிப் பாய்ந்து வரும்போது அது எதுவும் என் மனதில் இல்லை. சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்போதுதான் புத்தி கெட்டது. எப்போதும் தொட்டி விளிம்பில்தான் இறங்குவேன். அன்று பட்டாளத்துக்காரர் இறங்குவது மாதிரி, வலது காலைச் சுழற்றி நேராக மணலில் இறங்கிக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. அவர் தூரத்திலிருந்து, “சார், வேணாம் சார், தொட்டிக்கு வாங்க” என்று கத்தினார். நான் காலைச் சுழற்றிவிட்டேன். வலது கால் மணலில் ஊன்றியதும் முழங்காலுக்குள் ஏதோ மளுக்கென்றது. மல்லாந்து விழுந்தேன். இடது கால் அங்கவடியில் மாட்டி மேலே நின்றது. குதிரை ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கும். நல்ல வேளை, அது அசையாமல் நின்றது.

அண்ணாச்சி ஓடி வந்தார். குதிரையென்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதர், அதன் வயிற்றுக்கடியில் மண்டியிட்டு என் முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினார். சலவை வேட்டியில் சாணியும் மணலும். “ஒண்ணுமில்லல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மனைவி என் பேண்டை மேலே சுருட்டப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. அவ்வளவு இறுக்கம், அதோடு வீக்கம். பட்டாளத்துக்காரர் கொட்டகையிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து துணியைக் கிழித்தார். உள்ளே சுங்குடித் துண்டு. அரக்கில் வெள்ளைப் புள்ளி. மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்” என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுற்றிலும் மீன்கூடைப் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். “அய்ய, பாவம், ராஜா வுயுந்துட்டாருடி” என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அவள் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பரிதாபப்பட்டாள்.

டாக்ஸியில் என்னைப் பின் ஸீட்டில் நீட்டிப் படுக்க வைத்தார்கள். தலை மனைவியின் மடியில். அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அடையாற்றுப் பாலம் தாண்டியதும் திரும்பாமலே, “ஓட்டுனது நல்லாத்தாம்ல இருந்துச்சு” என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. கிடங்கில் சொன்ன வார்த்தையைப் பற்றியும் பேசியதில்லை.

சவ்வு கிழிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்கை. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் சாத்துக்குடியோடும் பார்க்க வந்தார்கள். எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, “எப்படி விழுந்தாரு?” என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்கு முன் என் மனைவி பதில் சொல்லிவிடுவாள். “கடக்கரையில நடந்தாருல்லா, நாய் வெரட்டிருச்சு.” ஒருவருக்கு ஒரு நாய் என்றாள். இன்னொருவருக்கு நாய்க் கூட்டம் என்றாள். ஒன்றுவிட்ட மதினி ஒருத்தி வந்தபோது அந்த நாய்க்கு வெறி பிடித்திருந்தது. பொய் சொல்லிப் பழக்கமே இல்லாதவள். ஒவ்வொரு பொய்க்குப் பிறகும் என் காலின்மேல் போர்வையை இழுத்துவிடுவாள். நான் அந்தப் போர்வைக்குள் தலையையும் நுழைத்துக்கொள்ளத் துடித்தேன்.

ஒருநாள் யாரும் இல்லாதபோது, “எதுக்கு எனக்காகப் பொய் சொல்லுத?” என்று கேட்டேன்.

“நெசத்தச் சொன்னா சிரிப்பாங்க” என்றாள். “நான் சிரிக்கல. மத்தவங்க சிரிப்பாங்க.”

“நீ ஏன் சிரிக்கல?”

யோசித்துவிட்டுச் சொன்னாள். “நீங்க வந்த வேகத்தப் பாத்து மொதல்ல பயந்துட்டேன். அப்புறம் ஒங்க மொகத்தப் பாத்தேன். ஒருநாளும் அப்படி ஒங்களப் பாத்ததில்ல. வீட்டுல ஒருநாளும் அப்படி இருந்ததில்லையே நீங்கன்னு நெனச்சேன்.” பிறகு சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் நீட்டிய சுளையை வாங்கிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்து, கம்பு ஊன்றி, கம்பை விட்டு நடக்க அந்த வருடம் முழுக்க ஆயிற்று. மறுபடி போவேன் என்று நான் நினைக்கவில்லை. மனைவிதான், “போகணும்னா போங்க. வெள்ளிக்கிழம மட்டும் போங்க. ஓட்டக் கூடாது, நடக்க விடணும்” என்றாள். போனேன். அதன்பின் தொட்டி விளிம்பில் ஏறி, தொட்டி விளிம்பில் இறங்கி, மெதுநடை மட்டும். சில வெள்ளிக்கிழமைகளில் அவளும் வந்து கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் போல இருக்கும்.

அப்படி இரண்டு மூன்று வருடம் போயிற்று. ராஜா ராணிப் படங்கள் குறைந்து போயின. கோடம்பாக்கத்தில் குதிரை கேட்பாரில்லை. பட்டாளத்துக்காரர் மகனோடு வேலூர்ப் பக்கம் போய்விடுவதென்று முடிவு செய்தார். குதிரைகளை யாரோ வாங்கிக்கொண்டார்கள். சொல்லிவிட்டுப் போகக் கடைக்கு வந்தார். “நாளைக்குக் காலையில லாரி வருது மொதலாளி. பழுப்புக்காரிய ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க. உங்க சத்தம் கேட்டா காதத் தூக்கும்.”

“நாளைக்கா? நாளைக்குக் கடையில வேலை ரொம்ப இருக்கே” என்றேன்.

அப்போது முகூர்த்தமில்லாத ஆடி மாதம். கடையில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். மெத்தையில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. பட்டாளத்துக்காரர் காலி மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி சார், யாவாரம்தான் முக்கியம்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

போயிருந்தால் அவர் முன்னாலும் லாரிக்காரர்கள் முன்னாலும் அழுதிருப்பேன். நாற்பத்தேழு வயது ஆள், ஒரு குதிரைக்காக. அதற்குப் பயந்துதான் போகவில்லை. அண்ணாச்சி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேலையாளைக் கூப்பிட்டு எனக்கு ஒரு காபி வாங்கிவரச் சொன்னார்.